மட் பிளாப் மாட்டுவதற்கு முன்

அன்புள்ள வாண்டுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். அங்கே நீ சுகமா என்று அடுத்த வரியிலேயே கேட்பதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதலில் பார்சல் விஷயம். இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் உன் காரின் முன் சக்கரத்துக்கு ஒரு ஜோடி, பின் சக்கரத்துக்கு ஒரு ஜோடி மட் பிளாப் இருக்கிறது, சக்கரம் வாரி அடிக்கிற கல்லையும் மண்ணையும் தடுக்க. எல்லா வண்டிக்கும் பொதுவாக விற்கிற ரப்பர் பட்டை இல்லை, உன் வண்டி மாடலுக்கென்றே அச்சில் வார்த்தது. டிங்கர் மாமாவும் நானும் கடை கடையாக ஏறி இறங்கினோம். நான் வேலையை விட்ட பிறகும் எங்கள் பெயிண்ட் பட்டறையை அவன்தான் ஓட்டுகிறான், ஆனாலும் உனக்கு என்றதும் ஷட்டரை இழுத்துவிட்டு வந்துவிட்டான். வந்தவன் சும்மா இருந்தானா, ஒவ்வொரு பிளாப்பையும் வளைத்துப் பார்ப்பதும் முகர்ந்து பார்ப்பதுமாக இருந்தான். வாங்கப் போறீங்களா இல்ல கடிச்சுப் பார்க்கப் போறீங்களா என்று கடைக்காரர் கேட்டேவிட்டார். எதிர்வீட்டு பேங்க்காரர் வைத்திருப்பதும் உன் மாடல் வண்டிதான், அதில் வைத்துப் பார்த்து அளவு சரி என்று தெரிந்த பிறகுதான் பில் போடச் சொன்னேன். அன்றைக்கு அவர் சிரித்துக்கொண்டே, அண்ணே நீங்க டயர்கிட்ட அளவெடுக்கிறீங்க, காலையில அண்ணி வந்து ஜன்னல் கண்ணாடியை அளந்துட்டுப் போனாங்க, வண்டியை விலை பேசுற யோசனை இருக்கா என்றார். உன் அம்மா கையில் அளவுநாடா கிடைத்தால் தெருவையே அளப்பாள் என்று நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நீ அனுப்பிய போட்டோவுக்கு வருகிறேன். பெயிண்ட் பொட்டுப் பொட்டா பேந்து வருதுப்பா, என்ன பண்றது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் பட்டறையிலிருந்து வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, போய்க் குளிச்சுட்டு வாங்கப்பா என்று விரட்டியவள் நீ. என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டவள் இல்லை. அந்த மகள் பெயிண்டைப் பற்றி என்னிடம் யோசனை கேட்கிறாள் என்று போனைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் காட்டினேன். இரண்டு விரலால் படத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் சக்கரம் வாரி அடிக்கிற கல் கதவின் அடியிலும், பின் சக்கரம் அடிக்கிற கல் பம்பரின் ஓரத்திலும் தெறித்திருக்கிறது, சில இடத்தில் அடிப்பூச்சு பிரைமரும் போய்த் தகரம் தெரிகிறது, நீ ஓட்டுவது தார் ரோடு மாத்திரம் இல்லை, ஜல்லி கொட்டிய இடத்திலும் வண்டியை நிறுத்தி எடுக்கிறாய், எல்லாம் கண்டுபிடித்தேன். பல நாள் அந்தப் புள்ளிகளையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்டருக்குப் பெயிண்டுதானே கண்ணில் படும். பிறகு ஒருநாள், நிறம் வெயிலில் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கப் படத்தை மேலே நகர்த்தினேன். அப்போதுதான் பின் கண்ணாடிக்கு உள்ளே இருந்தது தெரிந்தது. மஞ்சள் பூப்போட்ட உறை மாட்டிய தலையணை, உன் அம்மா தைத்து அனுப்பிய உறை. மடித்து வைத்த போர்வை. கண்ணாடியில் பாதி மாட்டிக்கொண்டு தொங்குகிற துண்டு. ஒரு தட்டு, ஒரு டம்ளர்.

வீடு மாற்றுகிற நாளாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புது இடம் நல்லா இருக்குப்பா, பார்க்கிங்கூட இருக்கு என்று நீ சொன்னது அந்தச் சமயம்தானே. ஆனால் பார்சலுக்கு விலாசம் கேட்டபோது வீட்டுக்கு வேணாம், ஆபீசுக்கே அனுப்புங்க என்றாய். வீடியோவில் பேசுகிறபோதெல்லாம் உன் தலைக்குப் பின்னால் கார் சீட்டு தெரிகிறது, வெளியே கிளம்பிட்டேன்பா என்கிறாய். தினமும் நாம் பேசுகிற நேரத்துக்கு எங்கேயம்மா கிளம்புகிறாய்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறாய். வாண்டு, இந்தக் கடிதத்தில் மட் பிளாப்பைத் தவிர வேறு எதையும் எழுதுவதில்லை என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. நீ அந்த வண்டியில்தான் இருக்கிறாய். ராத்திரி அதில்தான் தூங்குகிறாய். எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன்.

ஏன் என்று எனக்குத் தெரியாது. வேலையில் ஏதாவதா, கூட இருந்த தோழியோடு ஒத்துப்போகவில்லையா, வாடகை ஏறிவிட்டதா, மனசு சரியில்லையா, ஒன்றும் தெரியாது. காரணத்தைவிட என்னைப் பிடித்து ஆட்டுவது வேறு ஒன்று. அதே படத்தில் பம்பருக்கு அடியில், சைலன்சர் வாய்க்குப் பக்கமே இல்லாத இடத்தில் கரி படிந்திருக்கிறது. பெயிண்டில் அடித்த கல் அடியில் மட்டும் அடிக்காமல் இருக்குமா? சைலன்சர் குழாய் இணைப்பு விட்டிருக்கிறது என்று என் மனசு சொல்கிறது. ஓடுகிற வண்டியில் அது வெறும் சத்தம்தான். நிற்கிற வண்டியில், குளிருக்கு ஹீட்டர் வேண்டும் என்று எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படுத்தால் அந்தப் புகை அடியிலிருந்து உள்ளே வரும். அதில் ஆளைக் கொல்கிற பாகத்துக்கு வாசனை கிடையாது. எங்கள் பட்டறை வரிசையில் பாலிஷ் போடுகிறவர் ஒருவர் அப்படித்தான் போனார், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்கிறேன் என்று மூடிய ஷெட்டுக்குள் நின்ற காரில் எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுப் படுத்தவர். கதவைத் திறந்தது நானும் டிங்கரும். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

போனில் சொல்லாமல் இல்லை. நிற்கிற வண்டியில் எஞ்சினை ஓடவிட்டு உட்காராதே என்று பேச்சோடு பேச்சாக, பெட்ரோல் வீண் என்பது போலச் சொன்னேன். நீ கொஞ்சம் பொறுத்துத்தான் சிரித்தாய். வண்டிக்குள்ள யாருப்பா தூங்குவா என்றாய். தூங்குவது என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லையே, வாண்டு. நீ வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். டிங்கர் மாமா, நேரா கேட்டுடுய்யா, பெத்த பொண்ணுகிட்ட என்ன கூச்சம் என்கிறான். அவனுக்கு உன்னைத் தெரியாது. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு வந்து, கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தவளை எனக்குத்தான் தெரியும். என்னடா இது என்று நான் கையைப் பிடித்தபோது நீ பேசுவதையே நிறுத்திவிட்டாய், அது சீழ் வைத்த பிறகுதான் வெளியே வந்தது. இப்போதும் கேட்டால் போனை எடுக்க மாட்டாய். கேட்காமல் இருந்தால் வண்டியின் படமாவது வரும். அந்தக் கணக்கில்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கிளம்பி வரலாம் என்றால், இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறுவதற்குள் நடுவில் ஒருமுறை உட்கார வேண்டியிருக்கிறது, டாக்டர் பஸ் பயணமே வேண்டாம் என்கிறார். அங்கே நமக்குத் தெரிந்தவர் என்று ஒரு ஈ காக்கை கிடையாது. உன் ஊர்ப் பெயரே என் வாயில் நுழையாது, யாரிடம் போய்ச் சொல்வேன்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது. ஆயிரம் வண்டியின் நசுங்கலை எடுத்துப் பட்டி வைத்துத் தேய்த்துப் புதுசாக்கிக் கொடுத்த கைதான், இப்போது ஒன்றுக்கும் ஆகவில்லை.

சரி, மாட்டுகிற விதத்தைச் சொல்கிறேன், வேலையைப் பற்றி எழுதினால்தான் எனக்கு மூச்சு சீராகிறது. மாட்டுவதற்கு முன் சக்கரத்தின் வளைவு முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவி நன்றாகக் காய வேண்டும். பேந்த இடத்தில் தகரம் தெரிந்தால், பெட்டியில் ஒரு சின்னக் குப்பி வைத்திருக்கிறேன், உன் வண்டி நிறம்தான், நானே கலந்தது, தீக்குச்சி முனையால் தொட்டுத் தொட்டு வைத்தால் போதும், பூசாதே. ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பினால் முன் சக்கரத்துக்குப் பின்னால் கை போக இடம் கிடைக்கும். ஏற்கெனவே இருக்கிற துளையிலேயே திருகு ஏறும், புதிதாகத் துளை போட யாரையும் விடாதே. எல்லாத் திருகையும் தளர்வாக ஏற்றி, பிளாப் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம்தான் இறுக்க வேண்டும். ஒன்று முக்கியம். பிளாப்பின் விளிம்பு பெயிண்டைத் தொடுகிற இடத்தில் கண்ணாடி மாதிரி ஒரு டேப் வைத்திருக்கிறேன், அதை ஒட்டாமல் மாட்டினால் நடுவில் மண் புகுந்து உட்கார்ந்து, காப்பாற்ற வைத்த பிளாப்பே பெயிண்டைத் தேய்த்துத் தின்றுவிடும். நிறையப் பேர் செய்கிற தப்பு இது. இவ்வளவு எழுதிவிட்டு இப்போது சொல்கிறேன், நீயாக மாட்டாதே. ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோ. அவன் வண்டியைத் தூக்கி நிறுத்தி மாட்டும்போது சைலன்சரையும் ஒரு பார்வை பார் என்று சொல். உண்மையைச் சொன்னால் மட் பிளாப்பே ஒரு சாக்குதான். பெயிண்ட் போனால் போகட்டும். யாராவது ஒருவன் உன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும், அதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதையெல்லாம் உன் அம்மாவுக்குத் தெரியாமல்தான் செய்துகொண்டிருந்தேன். அவளுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டாள், உனக்குப் போன் போட்டு அழுதுவிடுவாள் என்று பயம். நேற்று பெட்டியைக் கட்ட உட்கார்ந்தபோது உள்ளேயிருந்து ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பிரித்தால், கருநீலத் துணியில் நாலு திரை. காரின் நாலு ஜன்னலுக்கும் அளவு பிசகாமல் வெட்டி, கதவுத் தகரத்தில் ஒட்டி நிற்கும்படி ஓரத்தில் காந்தம் வைத்துத் தைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? காந்தம் பெயிண்டைக் கீறுமே என்றேன். பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரெண்டு மடிப்புத் துணி போட்டுத்தான் காந்தத்தை மூடியிருக்கேன், மேல ரெண்டு விரல் அளவு விட்டு வெட்டியிருக்கேன், காத்து வேணும்ல என்றாள். அதோடு புரிந்துவிட்டது. ஒரே வீட்டில், ஒரே போனில், ஒரே படத்தை, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பார்த்து மென்று முழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறோம். தலையணையைப் பார்த்தியா என்று கேட்டேன். தலகாணியெல்லாம் நான் பார்க்கலைங்க, செருப்பைத்தான் பார்த்தேன் என்றாள். படத்தை எடுத்துக் காட்டினாள். நான் அத்தனை நாள் பார்த்த அந்தப் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், கதவோரமாக, உன் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருக்கிறது. வெளிய செருப்பைக் கழட்டி விட்டுட்டு ஏறுறான்னா அவளுக்கு அது வண்டி இல்லைங்க, வீடு என்றாள்.

பெட்டியில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. உள்ளே போய்ப் புதிதாக வாங்கிய கால்மிதி ஒன்றைக் கொண்டுவந்து, மட் பிளாப்புக்கு மேலே மடித்து வைத்தாள். உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வெளியே எடுத்துவிட்டாள். இதையும் அனுப்பினா அதுதான் உன் வீடுன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும் என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய், நம் வாசலில் போட்டுவிட்டு வந்தாள். பழையதும் கிழியாமல்தான் இருக்கிறது, அதன்மேலேயே போட்டிருக்கிறாள். காலையில் பால் எடுக்கப் போனபோது அதை மிதிக்காமல் தாண்டித்தான் போனேன்.

நோய் நொடி அண்டாமல், நிம்மதியான தூக்கத்தோடு, நீண்ட ஆயுளோடு இரு என்று நாங்கள் இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம். தூங்கும்போது எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும், இது அப்பா சொல்வது. அம்மா சொல்லச் சொன்னது, செருப்பை வெளியில் விடாதே, உள்ளே எடுத்து வைத்துக்கொள், வெளியில் கிடந்தால் உள்ளே ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்று போகிற வருகிறவனுக்கெல்லாம் தெரிந்துவிடும். வருவதாக இருந்தால் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டோம், நானும் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விட மாட்டேன். முதல் வரியில் கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். நீ சுகமா, வாண்டு? சுகம் என்று ஒற்றை வார்த்தையில் எழுதிவிடாதே. இனி வண்டியைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம், உன்னை எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
எப்போதும் உன்
அப்பா

அம்மாவும் பக்கத்தில்தான் இருக்கிறாள், கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள்.