பன்னிரண்டு மாவுக்குத் தண்ணீர்

ஆலங்கரை,
குடவாசல் வழி.
18.12.1990

அன்பு வானதிக்கும் மாப்பிள்ளை பகலவனுக்கும் அம்மா பிரகதாம்பாள் எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம். பம்பாயில் உங்கள் இருவர் சுகத்துக்கும் பதில் எழுதவும்.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றுவிட்டது. லாரி ஆபீசிலிருந்து வந்த மூன்று பெட்டிகளையும் வண்டி கட்டிக் கொண்டுவந்தோம். மாப்பிள்ளை வரைந்து அனுப்பிய படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த வயர் எந்த ஓட்டைக்கு என்று ஒவ்வொன்றாகச் செருகினேன். முதல் பிளாப்பியைப் போட்டதும் பச்சை எழுத்து வந்தது. இரண்டாவதைப் போட்டால், நீங்கள் சொன்ன கட்டங்கள். பார்த்தால் நம் வகுப்பு வருகைப் பதிவேடு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பதிவேடு கணக்குப் போடாது; இது போடுகிறது. ஒரு எண்ணை மாற்றினேன், கீழே உள்ள மொத்தம் தானாகத் திருத்திக்கொண்டது. ஹெட்மாஸ்டர் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நிற்பார்களே, அந்த மாதிரி.

அப்பா அந்த அறைக்குள் இன்னும் வரவில்லை. "உன் பொண்ணு அனுப்பினதுன்னா வச்சுக்க. அந்தப் பையன் அனுப்பினதுன்னா எங்கிட்ட சொல்லாத" என்றார். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பெயரைச் சொல்ல இன்னும் நா எழவில்லை. மாப்பிள்ளை இதைப் படித்து வருத்தப்பட வேண்டாம். மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

இன்னொரு செய்தி. ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. கதிர் பால் பிடிக்கும் நேரம். நம் வாய்க்காலுக்கு இன்னும் ஒரே ஒரு முறைதான் தண்ணீர் என்று சொல்லிவிட்டார்கள். அவரவர் நிலத்துக்கு ஏற்ப நேரம் பிரிப்பதில் வருஷா வருஷம் மண்டை உடைகிறது. அதனால் வாய்க்கால் சங்கத் தலைவர் இராஜாங்கம் வந்து, "மெஷினுக்கு மாமன் மச்சான் கிடையாது. நீங்களே பிரிச்சுக் குடுத்துடுங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டார். பிரித்தும் கொடுத்துவிட்டேன். இருமுறை கூட்டிப் பார்த்தேன். மொத்த நேரத்துக்கு நிமிடம் பிசகவில்லை. பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பக்கவாட்டில் ஓட்டை வைத்த அந்தப் பிரிண்டர் தாள் தீரப்போகிறது. கும்பகோணத்தில்கூடக் கிடைக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசியுடன்,
அம்மா


ஆலங்கரை
26.12.1990

அன்பு வானதிக்கு,

இந்தக் கடிதம் வருவதற்கு முன்பே உன் மாமியார் ராமாயி உனக்கு எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் அதை நம்பு, நடந்ததைத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் காரணத்தை மட்டும் என்னிடம் கேட்டுக்கொள்.

நேற்று உன் மாமனார் காத்தானின் முறை. கடைமடையில் அவருக்குப் பன்னிரண்டு மா நிலம். முதல் வயல் நனைவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று மடையை அடைக்கச் சொல்லிவிட்டார்கள். சுவரில் இருந்த தாளில் அப்படித்தான் இருந்தது. ஒன்பது மா வைத்திருக்கும் நடராசனுக்கு அவரைப் போல ஏழு மடங்குக்கு மேல் நேரம். காத்தான் சத்தம் போடவில்லையாம். வயலில் இறங்கி, வெடிப்புக்குள் விரலை விட்டுக் காட்டினாராம். கூட இருந்தவர்கள்தான் விடவில்லை. "பொண்ணைக் குடுத்த கோவத்தை டீச்சரம்மா பயிரு மேல தீத்துக்கிட்டாங்க" என்று ஒருவர். "மெஷினுக்கு மாமன் மச்சான் இல்லையாம், சம்பந்தி மட்டும் இருக்கு போல" என்று இன்னொருவர். மதகடியில் மண்வெட்டிகள் ஓங்கிவிட்டன. இராஜாங்கம் நடுவில் விழுந்து தடுத்திருக்கிறார்.

சந்தையிலிருந்து வந்த ராமாயியை எதிரில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். உனக்குச் சீமந்தத்துக்கு எடுத்துவைத்த புடவையைப் போன மாதம் என்னிடம் கொண்டுவந்து காட்டியவர்கள்.

வீட்டுக்கு வந்து மறுபடி மறுபடி கூட்டினேன். மொத்தம் சரியாகவே வந்தது. முப்பது மிட்டாயைக் கண்ணை மூடிக்கொண்டு பங்கிட்டாலும் மொத்தம் முப்பதுதான் வரும். பங்கு சரி என்று அதற்கு அர்த்தமில்லை. பிள்ளைகளுக்கு நானே சொன்ன உதாரணம். பிறகுதான் மெஷினைச் சோதிக்க ஒரு சின்னக் கணக்குக் கொடுத்தேன். ஒரு வேலி பதினைந்து மாவோடு ஐந்து மாவைக் கூட்டு என்று. இருபது மா ஒரு வேலி. இரண்டு வேலி என்று வர வேண்டும். ஒன்று புள்ளி ஆறு ஐந்து என்று வந்தது.

கரண்ட் போய்விட்டது. இருட்டிய திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. மாப்பிள்ளை மாதிரிக்குக் கொடுத்த கணக்கு ஏக்கரில் இருந்தது. நம் ஊரில் யார் ஏக்கர் சொல்கிறார்கள்? வேலி, புள்ளி, மா என்று நான் பாட்டுக்கு அடித்துவிட்டேன். ஒன்றரை மணியை 1.30 என்று எழுதுகிறோமே, படிப்பவருக்கு அது முப்பது நிமிடம் என்று தெரியும். மெஷினுக்கு யார் சொல்வது? காத்தானின் பன்னிரண்டு மாவுக்கு .12 என்று போட்டேன். அது அவருக்கு இரண்டரை மாகூட இல்லை என்று எடுத்துக்கொண்டது. நடராசனின் ஒன்பதை .9 என்று பார்த்து, பதினெட்டு மாவாக்கிவிட்டது. நம்முடையது ஒரு வேலி எட்டு மா. 1.8 என்று போட்டிருக்கிறேன். இருபத்தெட்டு மாவுக்கு முப்பத்தாறு மாவின் தண்ணீர்.

இப்போது வாய்க்காலில் ஓடுவது நம் முறைத் தண்ணீர். நாளை மாலை வரை ஓடும். அதோடு அணைத் தண்ணீர் நின்றுவிடும்.

அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை எடுக்காமல், "ஊரு கூடி ஒத்துக்கிட்ட காகிதம். இப்ப போயி தப்புன்னு சொன்னா, அப்ப வேணும்னுதான் பண்ணினேன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வாயை மூடிக்கிட்டு இரு" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தப்பு என்று சொன்னால் நம்புவார்களா? வேறு யார் வயலாக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

ஆனாலும் போகிறேன். இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு நேரே மதகுக்குத்தான். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். யார் முறையோ அவர் கைதான் மடையை அடைக்க வேண்டும், வேறு கை பட்டால் வழக்கு. நான் பேசத்தான் முடியும். அடைக்க வேண்டியவர் உன் அப்பா.

நீ என்னை அப்படி நினைக்கவில்லை என்று ஒரு வரி எழுது.

அம்மா


ஆலங்கரை
29.12.1990

அன்பு வானதிக்கும் மாப்பிள்ளைக்கும்,

முந்தின கடிதம் உங்களைப் பதறவைத்திருக்கும். அதனால் கையோடு இதை எழுதுகிறேன்.

மதகடியில் எல்லோர் முன்பும் சொன்னேன். குச்சியால் மண்ணில் எழுதியே காட்டினேன். நடராசன் முகம் சுண்டிப்போனது. பின்னால் இருந்து ஒருவர், "நல்லா பாடம் நடத்துறீங்க டீச்சர், தண்ணி எங்க?" என்று கேட்டார். காத்தான் மட்டும், "விடுங்கப்பா, அவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அப்பா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. தோளில் மண்வெட்டி. யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் வழி விட்டார்கள். இறங்கினார், நம் மடையை அடைத்தார், மிதித்து மிதித்து இறுக்கினார். கரையேறி, மண்வெட்டியை அங்கேயே காத்தான் பக்கத்தில் ஊன்றிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டார். வாய்க்கால் தண்ணீர் கீழே திரும்பிய சத்தம் அவ்வளவு பேர் மத்தியிலும் கேட்டது.

மறைக்காமல் எழுதிவிடுகிறேன். உன் மாமனார் பயிரில் மேட்டு வயல் பாதி பதராகிவிடும். மற்றது பிழைத்துக்கொள்ளும். ராமாயியிடம் போய்க் கையைப் பிடித்தேன். உதறவில்லை, பேசவும் இல்லை. நாளாகும். நம் வயலுக்கும் கொஞ்சம் சேதம் உண்டு. அதைப் பற்றி அப்பா வாய் திறக்கவில்லை.

நேற்று, எல்லாவற்றையும் மாவாகவே மாற்றி, அடுத்த வருஷத்துக்காகத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் நிழல் தட்டியது. அப்பா. முதல் தடவையாக அந்த அறைக்குள். தாளைக் கையில் எடுத்து, ஒவ்வொருவர் நிலத்தையும் படித்துச் சொல்ல ஆரம்பித்தார். காத்தான் பெயர் வந்ததும், "பன்னெண்டு மா. போட்டியா? பன்னெண்டு. எங்க, காட்டு" என்று திரையில் விரல் வைத்துப் பார்த்தார்.

அச்சடிக்கத் தாள் இல்லை, தீர்ந்துவிட்டது என்றேன். மதகடியில் விட்டுவந்த மண்வெட்டியைக் காத்தான் கழுவிக் கொண்டுவந்து கொல்லைப்பக்கம் சாத்திவிட்டுப் போயிருந்தார். ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டு அப்பா சொன்னார்:

"அந்தத் தாளு இங்க எங்கயும் கிடைக்காது. தபால்ல வந்தா மடங்கிப்போயிடும். பகலவனையே கையில கொண்டாரச் சொல்லு."

பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. எந்தக் கிழமை ரயில் ஏறுகிறீர்கள் என்று எழுதுங்கள். தாள் கொஞ்சமாக இருந்தாலும் போதும்.

உங்கள் இருவருக்கும், வரப்போகும் சின்ன உயிருக்கும் எங்கள் இருவரின் ஆசி.

அம்மா