கேட்டில் எஞ்சினை அணைத்தேன்

மார்ச் 4, செவ்வாய்
காலையிலேயே சுள்ளென்று வெயில். ஆறு மணிக்கு குண்டலுபேட்டையில் முதல் ஆள், எட்டரைக்கு மைசூரு. டயாலிசிஸ் சென்டரில் நாலு பேரையும் இறக்கிவிட்டு வேனைத் துடைத்தேன்.

ஆர்டிஓ ஆபீஸ் நோட்டீஸை ஓனர் டாஷ்போர்டில் ஒட்டிவிட்டார். டீசலும் புகையும் குறைய டிரைவர்களுக்கு அரசு சொல்லும் யோசனை. வண்டியை நல்ல நிலையில் வை. டயரில் காற்று பார். வேகம் ஒரே சீராக. வேண்டாத பாரம் ஏற்றாதே. சிக்னலில், ரயில்வே கேட்டில் எஞ்சினை அணை.

நல்ல புத்திதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஓனர்தான் அதைப் போட்டியாக்கிவிட்டார். வண்டியில் ஒரு பெட்டி. எஞ்சின் சும்மா ஓடும் நேரத்தையெல்லாம் அவர் போனுக்கு அனுப்பும், அவர் டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். யாருக்குக் குறைவோ அவர் முதல். அஞ்சு டிரைவரில் நான் ஒருத்திதான் பொம்பளை. போன வாரம் நான் முதலாவது.

கூட ஓட்டுகிற மூர்த்திக்குப் பொறுக்கவில்லை. "ஆய்த்து பிடு, சரி விடு, ஒரு வாரந்தானே. பொம்பள ஓட்டுற வண்டி சீக்கிரம் படுத்துக்கும், பாத்துக்கிட்டே இரு."

படுக்காதுடா.

மார்ச் 6, வியாழன்
பேட்டரி வீக். சென்டர் வாசலில் ரெண்டு தடவை முக்கி, மூணாவதுக்குத்தான் பிடித்தது. ஓனரிடம் சொல்லவில்லை. சொன்னால் மூர்த்தி வாய்க்கு அவல். இனிமேல் சரிவு பார்த்து நிறுத்த வேண்டியது. கொஞ்சம் உருளவிட்டு செகண்ட் கியரில் விட்டால் போதும், எஞ்சின் தானே பிடித்துக்கொள்ளும்.

வரும்போது முன் சீட்டில் நாகராஜு. நஞ்சன்கூட்டில் தையல் கடை, வயசு முப்பத்தாறு, ரெண்டு கிட்னியும் போச்சு. இடது கையில் ரத்தக்குழாய்களைச் சேர்த்து ஆபரேஷன் பண்ணியிருக்கிறது. அங்கேதான் ஊசி குத்தி மெஷினில் மாட்டுவார்கள். உள்ளே ரத்தம் ஓடுவது தொட்டால் கிர்ரென்று தெரியும்.

"தொட்டுப் பாருங்கக்கா. உங்க வேன் ஆஃப் ஆனாலும் இது ஆஃப் ஆகாது."

சிரித்தோம். அந்தக் கையில் பை கூட மாட்டமாட்டான், படுத்தால் அந்தப் பக்கம் திரும்பமாட்டான். பாரம் எதுவும் ஆகாது. வலது கை வெட்ட, தைக்க. அதில்தான் வீடு ஓடுகிறது.

துணி சோப்பு, கொத்தமல்லி, குக்கர் கேஸ்கெட். கேஸ்கெட் மறந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி
தலைவலி. மானம் போக இருந்தது, தப்பித்தேன்.

திரும்பும்போது நஞ்சன்கூடு வருவதற்கு முன்னால் கேட் மூடியிருந்தது. சமமான ரோடு, சரிவே இல்லை. பேட்டரி ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் இன்று வாரக் கணக்கு முடியும் நாள், மூர்த்திக்கும் எனக்கும் ரெண்டே நிமிஷம் வித்தியாசம். அணைத்தேன்.

ரயில் போச்சு, கேட் திறந்தாச்சு. சாவியைத் திருப்பினால் டிக் டிக். பின்னால் ஹாரன். எவனோ ஜன்னலில் எட்டிப் பார்த்து, "லேடீஸா? அதான்" என்றான். முகம் எரிந்தது.

உள்ளே இருந்த மற்ற மூணு பேராலும் நிற்கவே முடியாது. நாகராஜு கதவைத் திறந்து இறங்கிவிட்டான். "வேண்டாம்ப்பா" என்றேன். "பர்வாகில்லக்கா, நீங்க கியர் போடுங்க." ஒரு பைக்காரரும் அவனும் தள்ளினார்கள். நாலாவது தள்ளலில் பிடித்தது. ஏறி உட்கார்ந்தவனுக்குச் சட்டையெல்லாம் வேர்வை, உதடு வெளுப்பு. தண்ணீர் கொடுத்தேன். கடை வாசலில் இறங்கும்போது சிரித்துக்கொண்டுதான் போனான்.

சாயங்காலம் குரூப்பில் வந்தது. இந்த வாரமும் நான்தான் முதல். மூர்த்தி ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டிருந்தான்.

மார்ச் 9, ஞாயிறு
காலை ஏழுக்கு நாகராஜு பெண்டாட்டி போன். "அக்கா, அவர் கையில அந்தக் கிர்ருங்கறது வரல. வெடியக்காலத்துலயிருந்து தொட்டுத் தொட்டுப் பாக்கறாரு."

என் தம்பி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உள்ளே ரத்தம் கட்டிவிட்டதாம். திறந்துவிடப் பார்த்தார்கள், முடியவில்லை. இப்போதைக்கு டயாலிசிஸுக்குக் கழுத்தில் ட்யூப் போட்டுவிட்டார்கள். டாக்டர் அவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "டயாலிசிஸ் முடிஞ்சா பிரஷர் எறங்கியிருக்கும். அந்த நேரத்துல வண்டி தள்ளினாரா? அந்தக் கையாலயா?" அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை, பதில் தெரியாத பார்வை. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இடது கையில் வேறு இடம் தேறாதாம். அடுத்து வலது கைதான்.

கத்தரி பிடிக்கிற கை.

வீட்டுக்கு வந்தேன். நோட்டீஸில் முதல் வரியே வண்டியை நல்ல நிலையில் வை என்பதுதான். அதைத் தாண்டிக் குதித்து, பெட்டி எண்ணுகிற வரியை மட்டும் பிடித்துக்கொண்டேன். அரசாங்கம் ஒரு தப்பும் சொல்லவில்லை. வேண்டாம்ப்பா என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதையும் கியரில் கை வைத்துக்கொண்டே சொன்னேன்.

மார்ச் 10, திங்கள்
ஓனரிடம் சொல்லி பேட்டரி மாற்றியாச்சு. அரை மணி நேர வேலை. மூர்த்திதான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தான். இதற்கா பயந்தேன். சீ.

மார்ச் 11, செவ்வாய்
மூட்டம். நாகராஜு முன் சீட்டில் ஏறவில்லை, கழுத்தைத் திருப்ப முடியாதாம். பின்னால் உட்கார்ந்தான். வலது கைக்கு அடுத்த வாரம் ஆபரேஷன்.

"ஏதோ நேரங்கக்கா. வண்டி நின்னதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? மனசுல வெச்சுக்காதீங்க."

போகும்போது சொல்ல வாய் வரவில்லை. திரும்பும்போது அவன் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே அவன் பெண்டாட்டி தைக்காத துணிகளைப் பேர் பார்த்துத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் தாங்காது என்று திரும்பி, சொல்லிவிட்டேன். பேட்டரி போகப் போகிறது என்று தெரியும். தெரிந்துதான் அணைத்தேன். முதலாவது வரணும் என்று.



"எப்போலருந்து தெரியும்?"

"வியாழக்கிழமையிலருந்து."

தலையை ஆட்டினான். வலது கையை மடியில் வைத்து விரல்களை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னான்.

"கதவத் தொறந்து விடுங்க, மேடம்."