சரிகை தெரிகிறது, முகம் தெரியவில்லை

13-9-1987, ஞாயிறு

"டீச்சர், போட்டோவுல நான்தான்னு தெரியுமா?"

வேடியப்பன் இன்று கேட்ட கேள்வி. "தெரியாமல் எங்கே போகும்?" என்று சிரித்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சி கல்யாண மண்டபத்தில் ரசிகர் மன்ற மாநாடு. தங்கள் நடிகர் சினிமாவில் போட்ட வேடங்களையெல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். மூன்று இன்ஸ்பெக்டர், ஒரு வக்கீல், ஐந்து ராஜா. ஓய்வுபெற்றதிலிருந்து கேமராவும் கையுமாக அலைகிறேன் என்பதால், மன்றத் தலைவர் பொன்னுரங்கம் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்.

வேடியப்பன் ஐந்தாவது ராஜா. ஊர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம். அங்கி முழுக்க ஜிகினா. தோளில் மட்டும் நிஜச் சரிகைக் கரை. "எம் பொண்டாட்டி கூறைப்புடவைக் கரை டீச்சர். அவளுக்குத் தெரியாது. போட்டோவக் காட்டி சமாளிச்சுக்கலாம்."

புதன்கிழமை படம் வந்துவிடும், வாங்கிக்கொண்டே போங்கள் என்றேன். அதுவரை மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டு இருப்பதாகச் சொன்னார்.

16-9-1987, புதன்

விழுப்புரத்திலிருந்து படங்கள் வந்தன. ஐந்து ராஜாவுக்கும் உடம்பு ஜொலிக்கிறது, முகம் கரி.

ஏன்? இந்த ஆட்டோமேட்டிக் ஃப்ளாஷ், எதிரே பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து, போதும் என்று தோன்றியதும் அணைந்துவிடும். ஜிகினா முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது. முன்பெஞ்சில் நாலு பேர் கை தூக்கியதும் வகுப்புக்கே புரிந்துவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போகிற வாத்தியார் மாதிரி. முப்பத்திரண்டு வருடம் ஒளியைப் பற்றிப் பாடம் நடத்தியவள் நான்!

மாலையில் வேடியப்பன் வந்து பார்த்தார். "கிரீடம் நல்லாக்குது டீச்சர்" என்றார். காலையில் ஊருக்குப் போவதாகச் சொன்னார்.

17-9-1987

சாலை மறியல் தொடங்கிவிட்டது. இட ஒதுக்கீட்டில் தனிப் பங்கு கேட்டு. ரோட்டின் குறுக்கே புளியமரங்கள் கிடக்கின்றனவாம். பஸ் இல்லை.

திங்கட்கிழமையே போயிருக்க வேண்டியவர். என் படத்துக்காகத் தங்கினார்.

20-9-1987

இன்றும் பஸ் இல்லை.

24-9-1987

பஸ் ஓடுகிறது. வேடியப்பன் மலைக்குப் போய்விட்டார், அந்தக் கறுத்த படத்தோடு. வேடத் துணிகளெல்லாம், அந்தச் சரிகைக் கரையோடு, அடுத்த மாநாட்டுக்காக உளுந்தூர்பேட்டையில் இருக்கின்றன.

28-9-1987, திங்கள்

வாசலில் வேடியப்பன். சாப்பிட்ட முகமாக இல்லை.

வீட்டுக்காரர் பன்னிரண்டு நாள் காணவில்லை. பெட்டியில் கூறைப்புடவை கரையில்லாமல் இருக்கிறது. அவர் மனைவி குஞ்சம்மாள் என்னதான் நினைப்பாள்? இவர் படத்தைக் காட்டியிருக்கிறார்.

"'சரிகை என்னுதுதான். போட்டுக்கினு இருக்கறது எவன்?'னு கேட்டுட்டா டீச்சர். எவளுக்கோ குடுத்துட்டு எவன் படத்தையோ காட்றேன்றா. அவங்கம்மா வூட்டுக்குப் பூட்டா."

சொல்லியும் நம்பவில்லையா என்றேன். "மூஞ்சி இல்லியே டீச்சர்."

ஒரு ஃப்ளாஷை நம்பி ஒரு குடும்பத்தை — வேண்டாம், அவ்வளவு பெரிதாக எழுத வேண்டாம். ஆனால் என் படம்தானே அது? நான்தான் போக வேண்டும்.

4-10-1987, ஞாயிறு

பொன்னுரங்கம் உளுந்தூர்பேட்டையிலிருந்து துணியை வரவழைத்துக் கொடுத்தார். வேடியப்பனும் நானும் கச்சிராயபாளையம் வழியாக மலை பஸ் ஏறினோம். ஃப்ளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

அம்மா வீட்டு வாசலில் குஞ்சம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்கதான் அந்தக் கரிமூஞ்சி ராசாவப் புடிச்ச டீச்சருங்களா?"

"நான்தான். தப்பு என்னுடையது" என்றேன்.

வேடியப்பன் உள்ளே போய் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். அவள் தோள் கரையைத் தொட்டுப் பார்த்தாள்.

அவரைக் கதவோரம் நிற்க வைத்தேன். வாசல் வெளிச்சம் ஒரு கன்னத்தில். மறு கன்னம் இருட்டு. பையிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்து, இருட்டுப் பக்கம் விரித்துப் பிடிக்கும்படி குஞ்சம்மாளிடம் கொடுத்தேன். எங்கோ பார்த்தபடி பிடித்தாள். பிறகு, நான் சொல்லாமலே ஓரடி கிட்டே வந்தாள். கன்னம் துலங்கியது, கண் துலங்கியது.

"இன்னாத்துக்குப் பல்லக் காட்ற? ராசா இளிப்பானா?"

அவர் இன்னும் சிரித்தார். எடுத்துவிட்டேன்.

18-10-1987, ஞாயிறு

படத்தைக் கொடுக்க மலைக்குப் போனேன். குஞ்சம்மாள் வேடியப்பன் வீட்டில்தான் இருந்தாள், கூறைப்புடவை கட்டிக்கொண்டு. சரிகை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. தையல்தான் கோணல்மாணல், மூட்டை தைப்பது போல. யார் கைவேலை என்று நான் கேட்கவில்லை.

"என்னையும் ஒண்ணு புடிங்க டீச்சர்."

இந்தத் தடவை வேட்டியைப் பிடித்தவர் வேடியப்பன். "இன்னும் கிட்ட வாய்யா, எம்மூஞ்சி தெரிய வேணாமா?" என்றாள்.

கேமராவோடு அடுத்த மாநாட்டுக்குப் போகிறவர் யாராவது இதைப் படித்தால்: ஃப்ளாஷை அணைத்துவிட்டு, முகத்தின் இருண்ட பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.