பக்கம் திருப்பியவன்

டிச. 9, திங்கள்
காலையிலிருந்து தூறல். உப்புக் காற்றோடு ஈரமும் சேர்ந்து பியானோவில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் திரும்ப எழுவதில்லை. ஹேர் டிரையர் பிடித்துப் பார்த்தேன். ஒன்று எழுந்தது.

சென்னைப் பத்திரிகைக்கு இசைப் பத்தி அனுப்பியாயிற்று. பாதியை வெட்டுவார்கள்.

மதியம் ஃபெலிக்ஸ் வந்தான். பள்ளியில் ஒரே பாதிரியாரிடம், ஒரே பியானோவில் படித்தோம். சென்னையில் மேலே படிக்கப் பாதிரியாரின் சிபாரிசுக் கடிதம் அவனுக்கு. எனக்கு அவர் சொன்னது, "உங்க வீட்டுலதான் பாசுரம் இருக்கே, தம்பி." முப்பது வருடம். அவனுக்கு மேடைகள். எனக்குக் கல்யாண வரவேற்புகள், விமர்சனம்.

மார்ச்சில் அவனுக்குப் பக்கவாதம். கை மீண்டுவிட்டது, மனப்பாடம் மீளவில்லை; இசைக்குறிப்புத் தாள் எதிரே வேண்டும். வெள்ளியன்று பள்ளி அரங்கில் நோய்க்குப் பின் முதல் கச்சேரி. சரியாகப் போனால் ஜனவரியில் சென்னை மேடை.

"ஏலே ரங்கா, நோட்டப் பாத்துத்தான் வாசிக்கணும். பக்கம் திருப்ப நீதான் வரணும். இந்த ஊர்ல நோட்டு படிக்க வேற எவனுக்குத் தெரியும்?"

"நான் விமர்சனம் எழுதணும்டே."

"எந்த விமர்சகன் இவ்ளோ கிட்ட உக்காந்து கேட்டிருக்கான்?"

சிரிக்கும்போது வாய் இன்னும் கோணுகிறது. ஒப்புக்கொண்டேன்.

டிச. 12, வியாழன்
ஒத்திகை. ஃபெ. நன்றாக வாசிக்கிறான். எரிச்சல்.

பக்கம் திருப்புகிறவனின் முதல் வேலை, ஒவ்வொரு தாளின் மூலையையும் மடித்து வைப்பது. ஈரத்தில் தாள்கள் ஒட்டும். அவன் வாசிக்கும் சொனாட்டாவின் முதல் பகுதித் தாள்களை மடித்தேன். மீதி நாளை.

வாங்க: சட்டைப் பொத்தான், அம்மாவுக்கு ஆத்தூர் வெற்றிலை, கொசுவத்தி.

டிச. 13, வெள்ளி
மடிக்கவில்லை.

இரண்டாம் பகுதி. ஃபெ. தலையசைத்தான். தாள் விரலுக்குத் தடிமனாகப் பட்டது. ஒட்டியிருப்பது தெரிந்தது. திருப்பினேன். இரண்டு தாள். அவன் கை நின்றது. ஒன்றைத் திரும்பத் தள்ள ஒரு நொடி போதும். நான் ஐந்தாறு நொடி எடுத்துக்கொண்டேன். முன்வரிசையில் ஒரு பெண் குரல்: "பாவம், மறந்துட்டாவ போல."

முடித்துவிட்டான். எழுந்து நின்று கைதட்டினார்கள், நோயாளிக்குத் தட்டுவதுபோல.

டிச. 14, சனி
மழை. விமர்சனம் அனுப்பினேன். 'இரண்டாம் பகுதியின் நடுவே வாசிப்பு நின்றது.' பொய் இல்லை. ஏன் நின்றது என்று எழுதவில்லை. மற்றபடி பாராட்டுத்தான்.

டிச. 16, திங்கள்
விமர்சனம் அச்சில். பாராட்டு முழுவதும் வெட்டு. தலைப்பு அவர்களுடையது: 'நடுவே நின்ற கைகள்'. டீக்கடையில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சென்னையில் படிப்பார்கள்.

டிச. 18, புதன்
வெயில். ஃபெ.யின் மனைவி போனில்: "ரங்கண்ணே, சென்னைக்காரங்க வேண்டாம்னுட்டாங்க. இவுக பியானோவ மூடிட்டாவ. சாப்பிடவே மாட்டேங்காவ."

போனை அவன் வாங்கினான். "நீ சரியாத்தாம்லே எழுதிருக்க. அன்னைக்கு நோட்டு கண்ணு முன்னால இருக்கு, ஆனா வாசிச்சுட்டிருந்ததோட சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியுது. நீ பக்கத்தப் பின்னால தள்ளி இடத்தக் காட்டலன்னா அங்கனயே எந்திரிச்சுப் போயிருப்பேன். மூளை போயிட்டுடே. இனி வாசிக்க மாட்டேன்."

இரண்டு தாள் என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

"நிறுத்திட்டேன்னு பேப்பர்ல ஒண்ணு வரணும். வேற எவனும் எழுதக் கூடாது. நீ எழுது. உனக்குத்தான் என்னத் தெரியும்."

எழுதுதேன் என்றேன். போனை வைப்பதற்குள் கட்டுரையின் முதல் வரி மனதில் வந்துவிட்டது.