வராத பஸ்

நிலா அப்பாவுக்கு,

உடம்பு தேற நம் இருவரையும் ரிசார்ட்டுக்கு அனுப்புவதாக மகள் சொன்னதும், விடியுமுன் யோகாவுக்கு எழுப்பிவிடும் இடத்தையே நீங்கள் தேர்ந்தெடுத்தீர்கள். நான் வரவில்லை.

ஒரகடம் கம்பெனியில் உங்களுக்கு எந்த ஷிப்ட் என்றாலும், கம்பெனி பஸ் வருமுன், உங்களுக்கும் முன்னால் எழுந்து சோறு கட்டினேன். நீங்கள் ரிட்டயரான பிறகும் இருட்டிலேயே என்னைத் தட்டி, "இன்னாம்மே, பஸ் வந்துடும், இன்னும் தூங்கிக்கினு கீற?" என்கிறீர்கள். எந்த பஸ்?

கேரளாவில் கடலோரமாக ஓர் இடத்தை நானே போனில் படித்துப் பார்த்துவிட்டேன். எண்ணெய் தேய்த்துவிடுவார்கள்; யாரையும் எழுப்ப மாட்டார்கள். எனக்கு மட்டும் அறை பதியும்படி மகளிடம் சொல்லிவிட்டேன்.

அறைக் கதவில் 'எழுப்ப வேண்டாம்' என்று அட்டை மாட்டலாமாம். திரும்பும்போது நம் வீட்டுக்கும் ஒன்று கேட்டு வாங்கி வருவேன்.

இப்படிக்கு,
இனி உங்களுக்குப் பின் எழப்போகிறவள்