ஒரே அலையில் அப்பாவும் சம்பந்தியம்மாவும்

வையனாய்,
ஜனவரி 9

அன்பு மகள் நோஹேவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, நாய் மூவரும் கடவுள் புண்ணியத்தில் சௌக்கியம், அந்த நெப்ராஸ்கா பனியில் நீயும் டாரனும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று ஒட்டுக் கேட்பார், அதனால்தான் கடிதம்.

கிறிஸ்துமஸுக்கு வரும் முன் நீ அப்பாவிடம், "யாரை எந்தக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்கப்பா, எனக்கு ஒண்ணும் புரியல" என்று கேட்டாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். இதய ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதம் மனுஷன் கடலில் கால்கூட நனைக்கவில்லை. தாராளமாகப் போகலாம் என்று டாக்டர் மூன்று தடவை சொல்லியாயிற்று. இவரோ அலைச்சறுக்குப் பலகையைக் கார் ஷெட்டில் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, இன்றைக்குக் காற்று சரியில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்பார். மக்காஹா கடற்கரை அலையில் நாற்பது வருஷம் ஏறி இறங்கியவர், பயம் என்று வாய் திறந்து சொல்வாரா? சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது, இப்படியே நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு நாள் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று ராத்திரி எழுந்து எழுந்து அவர் மூச்சைக் கவனிப்பேன். உன்னிடம் அதை நான் சொல்லவில்லை.

நீ கேட்டதும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பட்டியல் போட்டார். குழந்தைக்குப் போக்காய் பே, அங்கே கல்தடுப்புக்கு உள்ளே தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். அலைச்சறுக்கில் இரண்டே இரண்டு பாடம் கற்ற டாரனுக்கு வைட் ப்ளெயின்ஸ். உனக்கு மக்காஹா, அதுவும் அலை ஆறடிக்குள் இருந்தால். அலை வீட்டு உயரம் எழும் வடக்குக் கரைக்கு எல்லோரும் போகலாம், ஆனால் மணலில் உட்கார்ந்து பார்க்க மட்டும், அந்த 'மட்டும்' என்பதற்கு அடியில் மூன்று கோடு. அறுபத்தாறு வயதில் முதல் தடவை கடலைப் பார்க்கிற சம்பந்தியம்மாவுக்கு வைகீகீ. அதை எழுதும்போது, "குளிக்கிற தொட்டி, அவங்களுக்குப் போதும்" என்று நக்கல் வேறு. தினமும் கடற்காவலில் இருக்கும் தன் சிநேகிதருக்குப் போன் போட்டு அலை எவ்வளவு என்று விசாரித்தார். நீங்கள் இருந்த பத்து நாளும் எல்லோரையும் மணலில் நின்றே அதட்டினாரே, பார்த்தாயே.

நீங்கள் கிளம்பிய பிறகு சம்பந்தியம்மா நாலு நாள் தங்கினாரல்லவா, அதுவரை வெட்கப்பட்டுத் தண்ணீரில் இறங்காதவர், மறுநாள் காலை பிரிட்ஜில் ஒட்டியிருந்த பட்டியல் முன்னால் நின்று, "எல்லார் பேரும் இருக்கு, உங்க பேர் எங்கே ஹெர்மன்?" என்றார். "எனக்கேத்த கடற்கரை இன்னும் உண்டாகல" என்று அப்பா மழுப்பினார். அந்த அம்மா விடுவாரா? "நீங்க எறங்கினாதான் நான் எறங்குவேன். நாப்பது வருஷம் பன்னி வளத்தவ நான், முரண்டு புடிக்கிறதெல்லாம் நெறையப் பாத்தாச்சு" என்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மூவரும் வைகீகீ போனோம், இடுப்பளவு தண்ணீரில் நின்று சம்பந்தியம்மாவின் பலகையைத் தள்ளிவிடுவதோடு சரி என்றார் அப்பா. அவருக்கும் ஒரு வாடகைப் பலகையை நான் கேட்காமலே எடுத்து நீட்டினேன். முறைத்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நல்லதாக ஒரு அலை எழுந்தது. பலகையில் படுத்திருந்த அப்பாவின் கை யோசிக்காமல் துடுப்புப் போட்டது, எழுந்து நின்றுவிட்டார், நோஹே! அதே அலையில் சம்பந்தியம்மாவையும், அங்கே அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கிற ஆள் தள்ளிவிட்டிருந்தான். மக்காஹாவில் ஒரு அலைக்கு ஒரு ஆள்தானே, அந்தப் பழக்கத்தில் அப்பா, "ஏய்! இது என் அலை! எறங்கு!" என்று கத்தினார், சொந்தச் சம்பந்தியைப் பார்த்து! "எப்படி எறங்குறதுன்னு இன்னும் சொல்லித் தரலையே!" என்று அவர் பலகையில் முழங்காலிட்டபடி அலறினார். "அங்கிள், இது மக்காஹா இல்ல, இங்க அலை எல்லாருக்கும்!" என்று அந்த ஆள் சிரித்தான். இரண்டு பேரும் பக்கம் பக்கமாகக் கரை வரைக்கும் வந்தார்கள். முழங்கால் தண்ணீரில் அப்பா சிரித்துக்கொண்டே நின்றார், நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! சம்பந்தியம்மாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன், நான் இலையில் பொதிந்து அவித்த பன்றிக்கறி லாவ்லாவை அவர் வயிறாரச் சாப்பிட்டார், அதோடு என் கடன் தீருமா?

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. பதினாறு வயதில் மக்காஹா போட்டியில் ஜெயித்தவள் நீ, உனக்கா எந்தக் கடற்கரை என்று தெரியாது? நீ நல்லா இருக்கணும் மகளே. இது நமக்குள் இருக்கட்டும், அப்பாவிடம் சொல்லமாட்டேன் என்று எழுத வந்தேன். பேனா தேடி வந்த அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டார். "அவளுக்கு ஒவ்வொரு கடற்கரையையும் காட்டினதே நான்தானே, கேட்டப்பவே எனக்குத் தெரியும்" என்றார். என் கையிலிருந்த பேனாவை வாங்கிப் பட்டியலில் சம்பந்தியம்மா பெயருக்குக் கீழே எழுதிவிட்டுப் போனார்: ஹெர்மன், வைகீகீ, காலையில்.

டாரனையும் குழந்தையையும் ஆண்டவர் காப்பாற்றட்டும். உன் நீலச் செருப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், அனுப்பமாட்டேன், வந்து போட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, அடுத்த தடவை எந்தக் கடற்கரை என்று அப்பாவிடம் மறக்காமல் கேள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா புவலானி