எத்தனை பேரைத் தூக்கும்?

தாலின்,
2 மார்ச் 1993

தம்பி வெல்லோவுக்கு,

ஒன்பது வருடங்களுக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்து யாருக்கு என்ன ஆனதோ என்று பதற வேண்டாம். எல்லோரும் நலம். எனக்கு உன்னிடம் ஒரு வேலை ஆக வேண்டியிருக்கிறது. வேறு சாக்குச் சொல்லிச் சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது.

சுதந்திரம் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் நம் நாட்டுப் படைக்கு ஹெலிகாப்டர் வாங்க மூன்று பேர் குழு போட்டிருக்கிறார்கள். ஒருவர் கேப்டன் லெப்பிக், குழுவின் தலைவர். படையில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது, அதற்கு முன்பு வனத்துறை அதிகாரி. இன்னொருவர் மீன்பிடிப் படகு கட்டுகிற பொறியாளர். மூன்றாவது நான், இயற்பியல் டீச்சர். எங்களில் ஒருவர்கூட ஹெலிகாப்டரில் உட்கார்ந்ததில்லை.

மூன்று வாய்ப்புகள் இருக்கின்றன. ஒரு பெரிய நட்பு நாடு தன் பழைய எந்திரங்களை இலவசமாகத் தருகிறது. ஒரு கம்பெனி புத்தம் புதுசாக, சின்னதாக, ஒற்றை எஞ்சின் வைத்ததைக் காட்டுகிறது. மூன்றாவது, நம்மை ஆக்கிரமித்திருந்தவர்களின் படையில் நீ ஓட்டினாயே, அதே வகை. பக்கத்து நாடு ஒன்று அவற்றைக் கழிக்கப் போகிறது. எல்லாப் புத்தகங்களையும் படித்துவிட்டேன். எல்லாமே நன்றாக இருப்பதாகத்தான் எழுதியிருக்கிறது.

எதைப் பார்க்க வேண்டும்? யாரிடம் என்ன கேட்க வேண்டும்?

அன்று கதவைத் திறக்காதவள் நான்தான். அதைப் பற்றி எழுத இன்னும் வார்த்தை வரவில்லை.

ஹெல்வே

—

கார்ட்லா, ஹீயுமா தீவு,
15 மார்ச் 1993

மதிப்புக்குரிய குழு உறுப்பினர் அம்மையாருக்கு,

சைக்கிள் செயின் கழன்றால் தெருவில் நின்று என்னைக் கூப்பிட்டவர் இப்போது நாட்டுக்கே ஹெலிகாப்டர் வாங்குகிறார். கடிதத்தை இரண்டு தடவை படித்துச் சிரித்தேன். பிறகு டிராக்டரைப் பாதியில் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் நீங்கள் எனக்குப் பதில் சொல்லுங்கள். இது எதற்கு? சண்டைக்கா? நம்மிடம் இருக்கிற கொஞ்சம் ஆட்களையும் நாலு ஹெலிகாப்டரையும் வைத்துக்கொண்டு யாரோடு சண்டை? மார்ச் மாதத்தில் இங்கே வந்து பாருங்கள். கடலில் இருக்கிற பனிக்கட்டி ஆளைத் தாங்காது, கப்பலையும் விடாது. அந்த மூன்று வாரம் இந்தத் தீவில் ஒருவருக்கு மார்வலி வந்தால் பாதிரியாரைத்தான் கூப்பிட வேண்டும். அதற்கென்றால் சொல்லுங்கள், என் மண்டையைக் கொஞ்சம் உடைத்துக்கொள்கிறேன்.

புத்தகத்தை மூடிவிட்டு எந்திரத்திடம் போங்கள். மேலே பெரிய கியர்பாக்ஸ் இருக்கும். அதன் ஆயிலுக்குள் திருகி வைத்த ஒரு சின்னக் காந்தம் உண்டு. அதைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கறுப்பாகப் பசைபோல் ஒட்டியிருந்தால் கவலையில்லை. ஊசி ஊசியாக, செதில் செதிலாக மின்னினால் உள்ளே கியர் பல் தேய்கிறது என்று அர்த்தம். நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வெ. ரன்னமே, மெக்கானிக்

—

தாலின்,
20 மே 1993

வெல்லோ,

சண்டைக்கு இல்லை, உன் தீவு மாதிரி இடங்களுக்காகத்தான். இலவச எந்திரங்களைப் பார்த்துவிட்டு வந்தோம். நல்ல சாப்பாடு, நல்ல உபசாரம். புதுச் சாயம் அடித்து வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நான் காந்தத்தைக் கேட்டேன். எங்களுக்குச் சுற்றிக் காட்டிய மேஜர், "மேடம், உங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்றார். டீச்சர் குரலில் இன்னொரு தடவை கேட்டேன். கழற்றினார்கள். ஐந்தில் மூன்று மின்னின, வெல்லோ. மீன் செதில்போல. லெப்பிக் என்னைப் பார்த்தார், நான் மேஜரைப் பார்த்தேன், மேஜர் தன் பூட்ஸைப் பார்த்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பறந்ததும் அங்கேதான். காந்தம் சுத்தமாக இருந்த ஒன்றில். காடு எழுந்து சாய்ந்ததும், கணக்குப் போட்டுத் தெரிந்ததெல்லாம் வயிற்றில் தெரிந்தது. பயமாக இல்லை. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றிருந்தது. இதையா இருபது வருடம் செய்தாய்?

அடுத்து உன் வகை. லெப்பிக் கேட்கிறார்: "அந்த உருவம் நம்ம வானத்துல மறுபடியும் பறக்கணுமா? ஜனங்க கல்லெடுத்து எறிவாங்க." நீயே சொல். இன்னொன்றையும் சொல். நீ ஏன் பறப்பதை விட்டாய்?

ஹெல்வே

—

கார்ட்லா,
6 ஜூன் 1993

ஹெல்வேக்கு,

உருவத்துக்குச் சாயம் அடித்துக்கொள்ளலாம். தூக்குகிற சக்திக்கு அடிக்க முடியாது.

நீ கேட்டதற்குப் பதில் எழுத மூன்று தாள் கிழித்தேன்.

ஆப்கன் மலை. உயரம், கோடைக்காலம். அங்கே காற்று இளைத்துப்போய்க் கிடக்கும், மேலே சுழலும் இறக்கைக்குப் பிடிப்புக் கிடைக்காது. மாட்டிக்கொண்ட பதினாறு பேரை எடுக்கப் போனேன். இருபத்துநான்கு பேர் ஏறலாம் என்று புத்தகம் சொல்லும். பதினாறு பேரும் ஏறினார்கள். ஆள் உயரம்கூட எழவில்லை. கடைசியாக ஏறிய நாலு பேரை இறங்கச் சொன்னேன். எல்லாம் இருபது வயது. ஒருவன் தன் பையை உள்ளே எறிந்து, "இது போகட்டும். நாங்க அடுத்த தடவை வர்றோம்" என்றான். நாற்பது நிமிடத்தில் திரும்பிப் போனேன். யாரும் இல்லை.

விடுப்பு கொடுத்தார்கள். நேரே உன் வீட்டுக்குத்தான் வந்தேன். மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை, அந்த உடுப்போடே வந்துவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் எத்தனை இருக்கை என்று கேட்காதே. இருப்பதிலேயே மோசமான நாளில், டேங்க் நிறைய எரிபொருளோடு, எத்தனை பேரைத் தூக்கும் என்று கேள். நமக்கு மோசமான நாள் வெயில் இல்லை. ஈரமான பனி. இறக்கையில் ஐஸ் பிடித்தால் எந்தப் புது எந்திரமும் கல்தான். இறக்கையைச் சூடாக்கும் வசதி எதில் இருக்கிறது என்று பார்.

வெல்லோ

—

தாலின்,
28 செப்டம்பர் 1993

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் சுற்றினேன். நீ நின்றது எனக்குக் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து தெரிந்தது. உடுப்பை மட்டும் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கிறேன், வெல்லோ. அது போதாது என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

எந்திரம் தர வந்த மூன்று தரப்பிடமும் உன் கேள்வியைக் கேட்டேன். புதிய சின்னதை விற்பவர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஈரப்பனியில் அது தரையில்தான் நிற்குமாம். நீ ஓட்டிய வகைக்குத்தான் இறக்கையில் சூடு இருக்கிறது, இரண்டு எஞ்சின் இருக்கிறது, நம் ஆட்களே பழுது பார்க்கவும் முடியும். லெப்பிக்கும் ஒத்துக்கொண்டார்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் உன் பெயரைப் போட்டேன். மேலிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் படையில் அதிகாரியாக இருந்தவன் சொல்லி நம் படை வாங்குவதா என்கிறார்கள். லெப்பிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பேரை எடுத்தா இந்த வாரமே கையெழுத்தாகும். வெச்சா வருஷக்கணக்கா மேசையிலயே கிடக்கும். நீங்களே சொல்லுங்க" என்றார். உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்று வந்துவிட்டேன். ஒரு தடவை உன்னை வெளியே நிறுத்தியவள் நான். இன்னொரு தடவை என் கையால் அதைச் செய்ய மனம் வரவில்லை.

உன் ஹெல்வே

—

கார்ட்லா,
4 அக்டோபர் 1993

அக்காவுக்கு,

எடுத்துவிடு. மார்ச் மாதத்துக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது.

வெல்லோ

—

கார்ட்லா,
19 மார்ச் 1994

என் ஹெல்வே அக்காவுக்கு,

என் பெயரோடு உன் பெயரையும் அடித்துவிட்டு, குழுவிலிருந்து விலகிப் பள்ளிக்கூடம் திரும்பிவிட்டாய் என்று லெப்பிக் எழுதியிருக்கிறார். பைத்தியக்காரி. நீயாக ஒரு வரி எழுதியிருக்கலாம். நம் பேச்சு முடிந்துவிட்டதோ என்று குளிர்காலம் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பகல், தபால்காரர் ஹில்லாரின் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. கடல் உறைந்தும் உறையாமலும் கிடக்கிறது. ஈரப்பனி கொட்டுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து தாலினுக்குப் போன் செய்தார்கள். ஐம்பது நிமிடத்தில் சத்தம் கேட்டது.   கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். வெள்ளைச் சாயம், நம் மூன்று நிறப் பட்டை. யாரும் கல் எடுக்கவில்லை. கிழவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

அவளையும் மருத்துவச்சியையும் ஏற்றினார்கள். ஹில்லார் படியருகே நின்றுகொண்டு, ஏறலாமா கூடாதா என்று விழித்தான். உள்ளே ஏறியவர்களை என்னையறியாமல் எண்ணினேன். பைலட் இளைஞன், கண்ணாடியைத் திறந்து கத்தினான்: "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஏறுங்க, எடம் கெடக்கு!" ஹில்லார் ஏறினான். இறக்கையில் ஒரு துளி ஐஸ் ஒட்டவில்லை. சிரமமே இல்லாமல் எழுந்து போனது. மறையும் வரை பார்த்தேன். பிறகு டிராக்டர் ஷெட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

பெண் குழந்தை. இருவரும் நலம். உனக்கு இதைச் சொல்ல வேறு யாரும் இல்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

கடல் திறந்ததும் வா. இரண்டு நாள் போதாது, ஒரு வாரம் வா. மீனை நானே புகைபோட்டு வைக்கிறேன்.

உன் தம்பி,
வெல்லோ